அக்காவின் பெருக்கல் குறி

அக்கா ஒரு தையல் கம்பெனியில் செக்கர். தைத்து முடிந்த பள்ளிச் சீருடைகள் அவள் மேசைக்கு வரும். கை நீளம், காலர் மடிப்பு, பொத்தான் இடைவெளி எல்லாவற்றையும் பார்ப்பாள். குறை இருந்தால் தையல் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. அதற்குப் பிறகு யார் கெஞ்சினாலும் அவள் மனம் இளகாது. "உங்க அக்கா சட்டைய மட்டுமா செக் பண்றாங்க? போற வர்ற ஆளையே செக் பண்றாங்க" என்று அங்கே தைக்கிறவர்கள் என்னிடம் புலம்பியிருக்கிறார்கள்.

நான்கு வயதிலிருந்து அவளால் நடக்க முடியாது. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினொன்றாம் வகுப்பு மாடியில் நடந்தது; வேறு காரணம் ஒன்றுமில்லை. அதே மாடியில் ஏறி நான் படித்தேன். பிறகு கல்லூரிக்குப் போய் வரலாற்றில் பட்டம் வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் அதுதான். நியாயமாக அவள்தான் என்மேல் பொறாமைப்பட வேண்டும். நடந்தது தலைகீழ்.

பழைய துறைமுக நகரத்து அருங்காட்சியகத்தில் ஓராண்டு வேலை ஒன்று வந்தது. சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் துறைமுகத்தைச் சுற்றிப் பார்க்க ஒரு வழிப்படம் தயாரிக்க வேண்டும். கடைசிச் சுற்றுக்கு வந்தவர்கள் ஒரு மாதிரிப் படம் போட்டு, அந்த வழியே அதிகாரியை அழைத்துப்போய்க் காட்ட வேண்டும். பட்டம் வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. "என்னம்மா, இன்னும் வீட்லதானா?" என்று கேட்காத வாய் எங்கள் தெருவில் இல்லை. இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை என்றே நினைத்தேன்.

அக்காவின் அளவு நாடாவை வாங்கிக்கொண்டு இரண்டு முறை அங்கே போய் ஒவ்வொரு வாசலையும் அளந்தேன். இருப்பதிலேயே குறுகலானது கயிற்றுக் கிடங்கின் வாசல், இருபத்தேழு அங்குலம். அவள் நாற்காலியின் அகலம் இருபத்தைந்து. தாராளம். பிறகு அக்காவை ரயிலில் கூட்டிப்போனேன். உண்மையைச் சொல்வதென்றால், சாட்சிக்கு.

அதிகாரி ஐம்பதைத் தாண்டிய அம்மாள். முதல் இருபது நிமிடம் நான் விடாமல் பேசினேன். நங்கூர வளையங்கள் எந்தக் காலத்தவை, சுங்க வீடு எத்தனை முறை தீப்பிடித்தது, எல்லாம். அவர் தலையை மட்டும் ஆட்டினார். கிடங்கு வாசலில் என்னைத் தடுத்தார்.

"நீங்க தள்ளாதீங்க. தனியா வர்றவங்களுக்கும் சேத்துத்தானே படம்? அவங்களே போகட்டும்."

அக்கா சக்கரங்களை உருட்டினாள். முன்சக்கரம் உள்ளே போனது. அடுத்த நொடி அவளுடைய இரண்டு கைகளும் கல் நிலையில் மோதின. பின்னுக்கு வந்தாள். விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் வெளியே கிளம்பினால் நான்தான் தள்ளுவேன், அவள் கைகள் மடியில் இருக்கும். நாற்காலியை அளந்தேன். கைகளை அளக்கவில்லை.

"போயிடலாம் மேடம்," என்றாள் அக்கா. "கைய மட்டும் வெளிய கழட்டி வச்சிட்டுப் போகணும். டோக்கன் குடுப்பீங்களா?"

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். என் இருபது நிமிடத்துக்கு ஒரு புன்னகைகூட விழவில்லை. அக்கா பையிலிருந்து சாக்பீஸை எடுத்து நிலையில் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

"அது சரி, அவ்ளோ பெரிய கயிறெல்லாம் இந்த வாசல் வழியாவா உள்ள போச்சு?"

அதிகாரி என்னைப் பார்த்தார். கயிற்றை வண்டிகளில் கொண்டுவந்தார்கள் என்று நான் படித்திருந்தேன். வண்டி போக ஒரு வழி இருந்திருக்கும் என்று யோசித்ததில்லை. காவலாளி சாவி கொண்டுவந்து பின்பக்கக் கதவைத் திறந்தார். சரிவான கல் பாதை, அதன் முடிவில் சட்டென்று கடல்.

"இவ்ளோ கிட்டக்க நான் பாத்ததே இல்லடி," என்றாள் அக்கா. அதற்கும் எனக்கு எரிந்தது. இரண்டு முறை வந்தும் நான் நாடாவில் அங்குலங்களைத்தான் பார்த்திருந்தேன்.

அதன் பிறகு அவர்கள் இருவரும் முன்னே போனார்கள். மாதிரிப் படம் இருந்த ஃபைலை அணைத்துக்கொண்டு நான் பின்னால். சுங்க வீட்டு வாசலிலும் அக்கா குறி போட்டாள். அதிகாரி தொலைபேசியில் பேசிக்கொண்டே சற்றுத் தள்ளிப் போனார். நான் துப்பட்டா முனையால் அந்தக் குறியை அழித்தேன்.

"அழிச்சா வாசல் அகலமாயிடுமாடி?"

அக்கா திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கென்னக்கா, ஊர் சுத்திப் பாக்க வந்த. இது என் வேலை."

"உன் வேலைதான். அதான் நீயே போடு." சாக்பீஸை நீட்டினாள்.

அதிகாரி திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. வாங்கினேன். நான் போட்ட குறி கோணலாக விழுந்தது.

"இதுவும் ஆகாதா?" என்றார் அவர்.

"ஆகாது மேடம். நான் தப்பா அளந்துட்டேன். கைக்கு இடம் விடல."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்று திரும்பும் ரயிலில் அவள்மேல் பாய்ந்தேன்.

"நாடாவக் கேட்ட, குடுத்தேன். என்னை ஏதாவது கேட்டியா?"

வேலை எனக்கே வந்தது. பட்டதாரியாக இருக்க வேண்டும் என்பது விதி. படத்தைச் சரிபார்க்க மாதம் ஒருநாள் அக்காவும் வர வேண்டும் என்று கடிதத்தின் அடியில் அதிகாரி தன் கையால் எழுதியிருந்தார். வீட்டில் எல்லோரும் அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தார்கள்.

முதல் நாள் புதுச் செருப்போடு அலுவலக அறைக்குள் நுழைந்தேன். அதிகாரி நிமிர்ந்தார். அவர் பார்வை என்னைத் தாண்டி வாசலுக்குப் போனது.

"அக்கா வரலையா?"

"மாசக் கடைசியில வருவாங்க மேடம்," என்றேன். தள்ளுவதற்கு என் முன்னால் அக்காவின் நாற்காலி இல்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றும் தெரியவில்லை.