கற்பூரத்தை அணைக்காத கை

நான் ஓய்வுபெற்ற அன்று பேசியவர்கள் எல்லோரும், தறி ஷெட்டில் வேலை செய்த பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்தவன் என்று என்னைப் புகழ்ந்தார்கள். அது பொய்யில்லை. ஆனால் அவர்களில் ஒரு பெண் மறுபடியும் தறி ஷெட்டுக்கே போனாள். அதற்குக் காரணம் நான்.

எழுபதுகளில் திருத்தணியில் ஆசிரியராகச் சேர்ந்த புதிது. ஊர்க் கடைசியில் இருந்த ஒரு பவர்லூம் ஷெட்டில் ஏழெட்டுப் பிள்ளைகள் நூல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அதிகாரியின் ஜீப் தெருமுனையில் திரும்பும்போதே அவர்களைப் பின்கதவு வழியாக வெளியே தள்ளிவிடுவார்கள். இதை எனக்குச் சொன்னவர் அங்கே தறி ஓட்டிய ஒருவர். அவருடைய பன்னிரண்டு வயது மகளும் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி.

நான் அரக்கோணத்துக்கு ரயிலேறிப் போய்த் தொழிலாளர் துறை அதிகாரியிடம் சொன்னேன். அடுத்த முறை அவர் பின்கதவில் வந்து நின்றார். பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். அந்தப் பெண் தன்னைவிடச் சிறியவர்களோடு ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்தாள். பாடம் படிக்கும்போதும் அவள் விரல்கள் தாமாகவே நூல் சுற்றிக்கொண்டிருக்கும்.

பின்கதவைக் காட்டிக்கொடுத்தது யார் என்று முதலாளிக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை எல்லோரும் மலையைப் பார்த்து நின்று, கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்றார். எங்கள் பள்ளி நிர்வாகக் குழுவின் செயலாளரும் அவர்தான். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

அதற்கு முதல் நாள் மாலை அந்தத் தறிக்காரரை டீக்கடையில் பார்த்தேன்.

"வெறும் கற்பூரம்தானே, சும்மா அணைச்சிட்டு வந்துடுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "உங்களுக்குச் சாமி கிடையாது சார், சுலபமாச் சொல்றீங்க. நான் வருசா வருசம் காவடி எடுக்கறவன். அவன் மேலேர்ந்து பார்த்துகினு இருப்பானே."

மறுநாள் முதலாளி எனக்கும் ஆள் அனுப்பினார். "வாத்யாரு பொது மனுஷன். சாட்சியா நிக்கட்டும்" என்று என்னைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். தறிகளை நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து, "நான் சொல்லலை, சொன்னவன் யார்னும் தெரியாது" என்று தட்டில் எரிந்த கற்பூரத்தை அணைத்தார்கள்.

ஒரு கிழவர் கையை உதறிக்கொண்டு, "இனிமே பீடிய எந்தக் கையால புடிக்கிறது மொதலாளி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தறிக்காரர் முறை வந்தது. கையை நீட்டவில்லை.

"என்னாய்யா, மரமாட்டம் நின்னுகினு கீற? கை சுட்டுடுமா?"

"சுட்டா பரவால்ல மொதலாளி. பொய் சொல்ல முடியாது."

"அப்போ நீதானா?"

"ஒருத்தர்கிட்ட சொன்னேன்."

"யார்கிட்ட?"

அவர் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கற்பூரம் எரிந்து சிறுத்துக்கொண்டே வந்தது. நான் அவருக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றேன். 'என்னிடம்தான், அதிகாரியிடம் போனவனும் நான்தான்' என்று பழியை என் மேல் போட்டுக்கொண்டிருக்கலாம். சொன்னால் என் வேலை போகும், சொல்லாவிட்டால் அவருடையது போகும். அவருடைய வேலை போனால் அந்தப் பெண்ணின் படிப்பும் நிற்கும் என்பது அந்த நிமிடத்திலேயே எனக்குத் தெரியும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் வாய் திறந்திருப்பேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திறந்திருக்க மாட்டேன்.

கற்பூரம் தானாகவே அணைந்தது.

"நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வராத" என்றார் முதலாளி.

ஊரில் வேறு யாரும் அவருக்குத் தறி கொடுக்கவில்லை. எல்லை தாண்டி நகரிப் பக்கம் ஒரு ஷெட்டில், மகளையும் கூட்டிக்கொண்டு வந்தால் வேலை தருவதாகச் சொன்னார்களாம். புறப்படும் நாளில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவள் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"சார், அந்த ஆபீசரு அங்கயும் வருவாரா?"

அது ஆந்திரா. நம் அதிகாரிக்கு அங்கே அதிகாரமில்லை.

"வருவாரும்மா" என்றேன்.

"நைனா, வருவாராம்!" என்று அவள் திரும்பிக் கத்தினாள். அவள் அப்பா அதற்குள் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். நான் சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு, அவளை முன்னால் ஏறவிட்டு, தானும் பஸ்ஸில் ஏறினார்.