வேடந்தாங்கலில் மாப்பிள்ளை பார்த்தோம்

என்னைப் பெண் பார்க்கத் திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலைத் தேர்ந்தெடுத்தவர் தரகர். தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு இருபத்து நான்கு வயது. வீட்டுக்கு வந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்வதைவிட, சாமி கும்பிட வந்த மாதிரி பார்த்துவிட்டுப் போனால் இரண்டு பக்கமும் கௌரவம் என்றார். அப்பாவுக்கு யோசனை பிடித்துப்போனது.

நாங்கள் கல்பாக்கம் குடியிருப்பில் இருந்தோம். அப்பா மதுரைப் பக்கத்திலிருந்து வந்து, ஆராய்ச்சி மையத்தின் பணிமனையில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். நாள் முழுக்க இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் வீட்டிலும் அதே குரல்தான். அவர் சாப்பாட்டில் உப்பு கேட்டால் எதிர் பிளாக்கில் தலையைத் திருப்புவார்கள். நான் மழலையர் பள்ளி ஒன்றில் டீச்சர். மாப்பிள்ளை கருங்குழிக்காரர், வேடந்தாங்கல் சரணாலயத்தில் வனக்காவலர்.

"பறவைக்குக் காவல் இருக்குறதெல்லாம் ஒரு உத்தியோகமா?" என்று அம்மா ஆரம்பத்திலேயே முகத்தைச் சுளித்தாள்.

சொன்னபடி ஒரு மாசி ஞாயிறு காலை பத்து மணிக்கு மலைமேல் இருந்தோம். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஐந்நூறு படிக்கு மேல் ஏறியதில் நான் பூசியிருந்த பவுடரெல்லாம் கரைந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரைக் காணோம். இளைஞன் ஒருவனோடு எந்தக் குடும்பம் வந்தாலும் அம்மா சிரித்து வைத்தாள். ஒரு குடும்பத்தோடு நலம் விசாரிப்பு வரைக்கும் போன பிறகுதான் அவர்கள் திண்டிவனத்திலிருந்து வேண்டுதலுக்கு வந்தவர்கள் என்று தெரிந்தது.

உச்சிவேளையில் கழுகு வரும் என்று எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். அன்றைக்கு அதுவும் வரவில்லை.

"கழுகும் வரல, மாப்பிள்ளையும் வரல. எறங்குவோம்" என்றார் அப்பா, மலையே கேட்கும்படி.

மறுநாள் தரகர் வேர்த்து விறுவிறுக்க வந்து நின்றார். "இன்னா சார் இப்பிடிப் பண்ணிட்டீங்கோ! பஸ்ஸு லேட்டு. அவுங்கோ ஏறிகினு கீறாங்கோ, நீங்கோ இறங்கிப் போயிட்டீங்கோ!"

அந்த மலையில் ஏறும் படி வேறு, இறங்கும் படி வேறு. எதிரே வருகிறவரைப் பார்க்க வழியே இல்லை. இதைத் தரகரும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. அம்மா மட்டும் சகுனம் சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லி, மாப்பிள்ளையின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைத் திருப்பி அனுப்பக் கவருக்குள் போட்டு ஒட்டிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தாயி, நாமளே போயி மாப்பிள்ளையப் பாத்துட்டு வருவோமா? சொல்லிட்டுப் போனா எல்லாரும் நல்லவுகளாத்தான் தெரிவாக. சொல்லாமப் போகணும்."

அம்மாவிடம் செங்கல்பட்டில் துணி எடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். செங்கல்பட்டில் பஸ் மாறி வேடந்தாங்கல் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. ஏரிக்கரையில் ஏறியதும் நான் அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீருக்குள் நின்ற கடம்ப மரங்களில் இலை தெரியாமல் பறவைகள். அப்பாவுக்கும் நிலைகொள்ளவில்லை.

"அந்தா பாரு தாயி! கூழைக்கடா!" என்று முழங்கினார்.

பக்கத்து மரத்திலிருந்து ஐம்பது அறுபது நாரைகள் குபீரென்று எழும்பின. கரையின் கீழேயிருந்து காக்கிப் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிய ஒருவர், காலெல்லாம் சேறாக, ஓடிவந்தார்.

"பெரியவரே! இன்னா இது, சந்தையா? குஞ்சு வெச்சிகினு கீது. ஆயிப் பறவ மெரண்டு எழுந்துச்சின்னா காக்கா வந்து தூக்கினு பூடும். மெதுவாப் பேசுங்கோ!"

அப்பாவை யாரும் அப்படி அதட்டி நான் பார்த்ததில்லை. நானோ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அந்தப் போட்டோவில் இருந்த முகம். அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது. என் காதருகே குனிந்து, வாழ்க்கையில் முதல்முறையாக, கிசுகிசுத்தார்: "தாயி, மாப்பிள்ளை திட்டிப்புட்டாருடி!" முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

அதட்டியதற்கு வருந்தினாரோ என்னவோ, அவர் கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றி என்னிடம் நீட்டி, நத்தைக்குத்தி நாரை எது, கரண்டிவாயன் எது என்று காட்டினார். நான் அதைக் கண்ணோடு ஒட்டவைத்துக்கொண்டேன். அது முகத்தைப் பாதி மறைத்தது வசதியாக இருந்தது.

"தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்றார் அப்பா மெல்ல.

"எங்க சார்! போன வாரம் திருக்கழுக்குன்றத்துல பொண்ணு பாக்கப் போனோம். நாங்க ஏற சொல்லோ அவுங்க இறங்கினு போயிட்டாங்கோ. ஒரே பேஜாராப் பூடுச்சி."

"பொண்ணு போட்டோ பாத்தீகளா?"

"பாத்தேன் சார். நல்லாத்தான் இருந்துச்சு" என்றவர் என் பக்கம் திரும்பினார். நான் பைனாகுலரை எடுக்கவே இல்லை. எந்தப் பறவையைப் பார்த்தேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது.

"தாயி, கண்ணாடிய எடு, போதும்" என்றார் அப்பா.

எடுத்தேன். மாப்பிள்ளைக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. சுருட்டிய பேண்ட்டை அவசரமாக இறக்கிவிட்டதில் சேறு முழுக்க அதில் அப்பிக்கொண்டது. "நீங்கோ... நான் வந்து..." என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து, கரையோர மரத்திலிருந்து ஒரு குஞ்சு தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. அவர் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஏரிக்குள் இறங்கினார். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து, அதைத் துண்டில் சுற்றி எடுத்து, மரத்தில் ஏறிக் கூட்டில் வைத்துவிட்டு, கையில் கொத்து வாங்கிக்கொண்டு இறங்கினார். நாங்கள் நிற்பதையே அதுவரை மறந்துபோயிருந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

திரும்பிப் பஸ் ஏறினோம். செங்கல்பட்டு நெருங்கும்போது நானே, "சரிப்பா" என்றேன்.

துணி எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு வந்த எங்களை அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அப்பா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். திட்டு வாங்கியதையும் மறைக்கவில்லை.

"மாமனாராகப் போறவரையா திட்டினாரு? நீங்க என்ன செஞ்சீங்க?"

"மெதுவாப் பேசினேன்."

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இருபத்தஞ்சு வருஷமா நான் சொல்லிக் கேக்காதவரு, அந்தப் பையன் ஒரு தடவை சொல்லிக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"அப்ப தரகரை வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, ஒட்டிய கவரைத் தேட உள்ளே போனாள்.

பங்குனி முடிந்து சித்திரையிலேயே கல்யாணத்தை வைத்துவிட இரண்டு வீட்டுக்கும் ஆசை. மாப்பிள்ளைதான் ஒத்துக்கொள்ளவில்லை. குஞ்சுகள் பறக்கும்வரை லீவு கேட்கமாட்டேன் என்று சொல்லியனுப்பினார். சோதிடர் குறித்துக் கொடுத்த மூன்று நாட்களை அம்மா முணுமுணுத்துக்கொண்டே அடித்துவிட்டு, வைகாசிக் கடைசியில் ஒரு முகூர்த்தத்தைப் பிடித்தாள். அதற்குள் ஏரி வற்றி, மரங்கள் காலியாகிவிட்டிருந்தன. ஆனி மாதம் முழுக்க அவருக்கு வேலை குறைவு. ஒரு பழைய டி.வி.எஸ். ஐம்பதில் என்னை ஏற்றிக்கொண்டு திருப்போரூர், மாமல்லபுரம் என்று சுற்றினார். வழியில் எந்தப் பனைமரத்தில் தூக்கணாங்குருவிக் கூடு தெரிந்தாலும் வண்டி நின்றுவிடும். ஒருநாள் கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் நடையைச் சாத்திவிட்டார்கள். தேங்காயை வெளியிலேயே உடைத்து, குளக்கரையில் உட்கார்ந்து இருவரும் தின்று தீர்த்தோம்.