கட்டிலுக்கு எட்டுக் கட்டை

ஆற்றில் தண்ணீர் திறந்துவிடப் போவதாக ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப்போனார்கள். காலையில் மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் நான் வாசலுக்குப் போய்ப் படிகளை எண்ணினேன். நான்குதான். போன வெள்ளத்தில் நான்கும் முழுகி, கூடத்தில் ஒரு சாண் தண்ணீர் நின்றது.

அரிசி, பத்திரப் பெட்டி, துணிமணி எல்லாம் பரணுக்குப் போயாயிற்று. ஏற்ற முடியாமல் இருந்தது என் மனைவி மட்டும்தான். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன ஐம்பத்தொன்றாம் நாள் அது. காலை ஊன்றக் கூடாது. பெண்ணாடத்து மகள் கார் அனுப்புவதாகச் சொன்னாள். அதற்குள் ரோட்டில் தண்ணீர் வந்துவிட்டது. கட்டிலைத்தான் உயர்த்த வேண்டும். காலுக்கு இரண்டு, மொத்தம் எட்டுக் கட்டை.

பக்கத்துப் பட்டறையில் பீங்கான் பொம்மை செய்கிறார்கள். சூளைக்குள் பொம்மைகளை அடுக்கும்போது தாங்கலுக்கு வைக்கும் கட்டைகள் அங்கே நிறைய உண்டு. "எடுத்துக்குங்க பெரியப்பா" என்று பட்டறைக்காரப் பெண் தார்ப்பாய் கட்டிக்கொண்டே குரல் கொடுத்தாள். சுவரோரம் சரியாக எட்டுக் கட்டை தனியாக இருந்தது. நான்கு நடையில் கொண்டுவந்து சேர்த்தேன்.

"தட்டிப் பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

"ஸ்கேல் வெச்சே அளந்துட்டேன். எட்டும் ஒரே உசரம்."

"உசரத்த யாரு கேட்டா? தட்டுனீங்களா?"

இருபத்திரண்டு வருஷம் பட்டறையில் சரக்குத் தரம் பிரித்தவள். படுத்தபடியே கைத்தடியை நீட்டி ஒவ்வொன்றாகத் தட்டினாள். வெந்த கட்டை டங்கென்று கேட்கும். எட்டும் பொத்தென்றன.

"இதெல்லாம் இன்னும் சூளைக்கே போவல, கணக்கு வாத்தியாரே. பச்ச மண்ணு. தண்ணி பட்டா கரைஞ்சி, நான் கட்டிலோட ஆத்துக்குப் போயிடுவேன்."

நம்பாமல் ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான்காம் நிமிஷம் ஒரு மூலை உதிர்ந்தது. இருபதாம் நிமிஷம் தண்ணீர் பால்போல் வெளுத்து, பாதிக் கட்டை அடியில் கூழாகக் கிடந்தது.

மீதி ஏழையும் மறுபடி நான்கு நடையில் திருப்பிக் கொண்டுபோனேன். "அய்யோ பெரியப்பா, அது காய வெச்சதுங்க! வெந்தது அந்தாண்ட இருக்குது" என்று அந்தப் பெண் தலையில் கைவைத்தாள். பதினான்கைத் தட்டி எட்டைப் பொறுக்கினேன். எதிர்வீட்டு அண்ணன் தம்பி இருவரும் கட்டிலை மனைவியோடு சேர்த்துத் தூக்க, நான் குனிந்து செருகினேன். அவள் ஒருமுறை "அம்மா" என்றாள்.

மூன்றரை மணிக்குத் தண்ணீர் நான்காம் படியைத் தாண்டியது. நான்கு மணிக்குக் கூடத்தில் இரண்டு விரல், நாலரைக்கு நான்கு. நான் தடியால் கட்டைகளைத் தட்டினேன். தண்ணீருக்குள் எல்லாமே பொத்தென்றுதான் கேட்டன. வெந்ததா, வேகாததா, எப்படித் தெரியும்? குனிந்து, எங்காவது வெளுக்கிறதா என்று பார்த்தேன். ஆற்றுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கியிருந்தது. நான்கு மூலைக்கும் போனேன். மறுபடி போனேன்.

"எத்தினி சுத்து ஆச்சி?"

"பதினொண்ணு."

"காலெல்லாம் ஊறிப்போச்சி. மேல வந்து உக்காருங்க."

அவள் ஐம்பத்திரண்டு கிலோ. நான் அறுபத்தொன்று. கட்டில் தனி. கூட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எனக்குத் தாங்கும்னு வெச்ச கட்டைதானே? ஏறுங்க."

ஏறினேன். கட்டில் ஒருமுறை முனகியது. மூச்சை அடக்கி நூறு வரை எண்ணினேன். கட்டில் இறங்கவில்லை.