என் படம் போட்ட நோட்டீஸ்

ரோஸ் காகிதமும் சரியாகக் காயாத அச்சு மையும் கலந்த வாசனை எங்கே வந்தாலும், எனக்குப் பத்து வயதாகிவிடுகிறது. லோத்குண்டா வீட்டு ஹாலில், ஒரு பெரிய நோட்டீஸ் கட்டுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். சித்தப்பா கயிற்றை அறுத்து முதல் தாளை உருவி என் மூக்குக்கு முன்னால் ஆட்டினார். அதில் நான் இருந்தேன்! இரட்டைச் சடையும் ஸ்கூல் டையுமாக நான் இளித்துக்கொண்டிருக்க, கீழே இங்கிலீஷிலும் தெலுங்கிலும், "கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய எங்கள் மாணவி. உங்கள் பிள்ளைக்கும் உறுதி!" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

நான் வாங்கியிருந்தது நாற்பத்தேழு.

அதை முணுமுணுத்தேன். ஃப்ரிட்ஜ் கடையில் சேல்ஸ்மேனாக இருந்தவர், அம்மா எழுதிக்கொடுத்த நாலு வரியைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை அச்சடித்திருந்தவர், சித்தப்பா அசரவே இல்லை. "அரே, நக்கோ, அதெல்லாம் வேணாம் விடு! மார்க் ஷீட் கொண்டான்னு யாரு கேக்கப்போறா? பத்துப் பிள்ளைங்க சேரணுமா வேணாமா?"

சேரணும். அதற்குத்தான் நான் உயிரை விட்டுக்கொண்டிருந்தேன். அம்மா பாலாநகர் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். இரண்டு பஸ் மாறி வீடு வருவதற்குள் தெருவிளக்கு எரிந்துவிடும், அதுவரை நான் கழுத்தில் சாவியோடு காலி வீட்டில் கிடப்பேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பத்துப் பேர் சேர்ந்தால் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே டியூஷன் எடுப்பதாகவும், சேராவிட்டால் மறுபடி அதே இரண்டு பஸ் என்றும் அம்மா சொல்லியிருந்தாள். சாயங்காலம் நாலரை மணிக்கு அம்மா வீட்டில் இருப்பாள் என்கிற நினைப்பே எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷமாக இருந்தது.

ஆகவே வாயை மூடிக்கொண்டேன். சித்தப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு திருமுல்கேரி பஸ் ஸ்டாப், காய்கறிக் கடை, வரிசையாக நின்ற ஆட்டோக்கள் என்று ஒன்றையும் விடாமல் நோட்டீஸ் கொடுத்தோம். வாங்கியவர்கள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "ஈ பாப்பேனா?" என்று, இந்தப் பாப்பாதானா என்று, தெலுங்கில் கேட்கும்போதெல்லாம், "ஹவ்!" என்று சித்தப்பா ஆமாம் போட்டுக் கத்துவார், நானும் கூடவே கத்துவேன். கடைசித் தாள் தீரும்போது நூற்றுக்கு நூறு வாங்கியதாக நானே நம்பத் தொடங்கியிருந்தேன். அன்று, கோடை லீவுக்கு முந்தின கடைசி வேலைநாள் முடிந்து அசந்துபோய் வந்த அம்மா, "நோட்டீஸ் எப்டி வந்திருக்கு, ஒண்ணு காட்டேன்" என்றாள். "எல்லாம் குடுத்து முடிச்சாச்சும்மா, சூப்பரா இருந்துச்சு" என்றேன். என் தலையணைக்கு அடியில் மூன்று இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை! ஹாலில் பாய் போதாமல் பெட்ஷீட் விரித்தோம். அம்மா பட்டும் படாமலும் சிரித்து வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கையில், ராணுவக் குடியிருப்பிலிருந்து வந்த ஓர் அம்மாள் பையிலிருந்து ரோஸ் தாளை எடுத்துக்காட்டி, என் கன்னத்தைக் கிள்ளி, இந்தக் குழந்தைதானே என்றாள். அம்மா அதை வாங்கி மேலிருந்து கீழே படித்தாள். சித்தப்பா ஃபேனைப் பார்த்தார். அம்மா உள்ளே போய், என் கணக்குப் பரீட்சைத் தாளை எடுத்துவந்து எல்லோர் முன்னாலும் விரித்தாள்.

அரைகுறைத் தெலுங்கும் ஹிந்தியுமாக அவள் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன். "இவ என் பொண்ணு. இவ வாங்கினது நாப்பத்தேழு. நோட்டீஸ்ல இருக்கிறது பொய். படிச்சுப் பாக்காம விட்டது என் தப்பு. இந்தக் கணக்கப் பாருங்க. அரை ரொட்டியும் மூணுல ஒரு பங்கு ரொட்டியும் சேத்தா அஞ்சுல ரெண்டு பங்குன்னு எழுதியிருக்கா. சேத்தப்புறம் அரைய விடக் கொறஞ்சுபோச்சு! இவளுக்கு எங்க புரியலைன்னு எனக்குத் தெரியுது, அங்கேருந்து சொல்லித்தருவேன். ஆறாவதுலேருந்து எட்டாவது வரைக்கும், கணக்கு மட்டும். மார்க்குக்கு நான் உறுதி சொல்லமாட்டேன். சனிக்கிழமையானா உங்க பிள்ளைக்கு என்ன வந்துச்சு, என்ன வரலைன்னு ஒரு சீட்டுல எழுதி அனுப்புவேன்."

சிலர் சிரித்தார்கள். பலர் எழுந்து செருப்பைத் தேடினார்கள். நான் சமையலறைக்குள் ஓடி அரிசி டப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். மானம் போனதற்குப் பாதி, நாலரை மணி போனதற்குப் பாதி. கடைசியில் பெயர் கொடுத்தவர்கள் நான்கே பேர். "கைக்கு அண்ணி, எதுக்கு இப்டி? வந்த கிராக்கிய நீங்களே வெரட்டிட்டீங்களே!" என்று சித்தப்பா தலையில் கைவைத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் காலிங்பெல் அடித்தது. முந்தின நாள் செருப்பை மாட்டிக்கொண்டு போன அதே ராணுவக் குடியிருப்பு அம்மாள்! எட்டாக மடித்த ஒரு பரீட்சைத் தாளை நீட்டினாள். அவள் மகன் வாங்கிய முப்பத்தொன்று. வீட்டுக்காரரிடம்கூட இதைக் காட்டவில்லை, நீங்கள் உங்கள் பெண்ணுடையதைக் காட்டியதால் கொண்டுவந்தேன் என்றாள். அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுக்கு மடித்த தாள்கள் வந்துகொண்டே இருந்தன. பெல் அடிக்கும்போதெல்லாம் நான் விரலை மடக்கி எண்ணினேன். சனிக்கிழமை ஆறாவது தாள் வந்து, முதல் நாலு பேரோடு சேர்த்துப் பத்து ஆனபோது நான் போட்ட கூச்சலில் மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார்.

இப்போது அந்த வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. ரோஸ் நோட்டீஸ் போய், என் மகளின் பெயரையே போட்டு ஃபோனுக்கு விளம்பரம் வருகிறது. போன வாரம் அப்படி ஒரு டியூஷன் சென்டரிலிருந்து கூப்பிட்டவரிடம், என் பிள்ளைக்கு எது வரவில்லை என்று உங்களால் சொல்ல முடியுமா என்று கேட்டேன். "ரிசல்ட் கியாரண்டி மேடம்" என்றார்.

சனிக்கிழமைச் சீட்டுகள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. எனக்கு அம்மா எழுதிய முதல் சீட்டு மட்டும் என் சர்ட்டிஃபிகேட் ஃபைலில் இருக்கிறது. வந்தது: பின்னம் கூட்ட. வராதது: பொய்யைப் பார்த்தால் வாய் திறக்க. அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், "உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உன் தாளைக் காட்ட எனக்கும் வரவில்லை" என்று எழுதி, ஆசிரியர் என்ற இடத்தில் ஒன்றும் பெற்றோர் என்ற இடத்தில் ஒன்றுமாக, அம்மா இரண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.