இரண்டு ஹெட்போன்களிலும் ஒரே கோளாறு

ஐந்தாம் வகுப்போடு நின்று ஊர் ஊராகச் சுற்றிய நான், தொண்ணூறுகளில் ராஜபாளையம் நூற்பாலை ஒன்றில் ஆறு வருடம் நிலைத்தேன். லீவு நாளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் காதர் பாயின் கேசட் கடைக்குப் போய்விடுவேன்.

ஒருநாள் அவர், துபாயிலிருந்து தம்பி கொண்டுவந்த இரண்டு ஹெட்போன்களைக் கொடுத்து, எது உசத்தி என்று கேட்டார். ஒரே பாட்டை இரண்டிலும் கேட்டேன். விலை கூடியதில் தபேலாவில் விரல் படுவதுகூடத் தெரிந்தது. ஆனால் இரண்டிலுமே இடது பக்கம் மந்தம்.

"துபாய்க் கடைக்காரன் ஒங்க தம்பிய நல்லா ஏமாத்திட்டான் பாய். ரெண்டுலயும் ஒரு பக்கம் அவுட்டு!" என்று சிரித்தேன்.

பாய் மாட்டிப் பார்த்தார். "எனக்குக் கணீர்னு கேக்குதேப்பா" என்றவர், அதையே இடம் வலமாகத் திருப்பி எனக்கு மாட்டினார். அப்போதும் இடது காதில்தான் மந்தம்.

அவர் சிரிக்கவில்லை. "ஏலே, கோளாறு இதுல இல்ல. மெஷின் சத்தம் ஒங் காதத் தின்னுருச்சு. பஞ்சுக்குள்ளயே கெடக்க, ரெண்டு உருண்டை காதுல வைக்கத் தோணலையா?"

ஆலையில் நான் நிற்கும் இடத்தில் மெஷின் இடது பக்கம்தான். மறுநாளே பஞ்சு வைத்தேன். மேஸ்திரியிடம் கெஞ்சி, சத்தமில்லாத பேக்கிங் பகுதிக்கும் மாறினேன்.

இப்போது எந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்தாலும் முதலில் கேட்பது அங்கே சத்தம் எப்படி என்றுதான், கூலியை அப்புறம்தான். அன்று கேட்ட தபேலா, தப்பிய வலது காதில் இன்னும் இருக்கிறது.