படத்தில் வந்த மாடத்தி

வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசு ஆலையொன்றில் மாடத்திக்கு வெடிக்குழாய்களில் மருந்து செலுத்தும் வேலை. புருஷன் கல் குவாரியில் விழுந்து இடுப்பொடிந்து வீட்டோடு கிடந்தான். மகள் வேல்விழி விருதுநகரில் நர்சிங் படித்தாள். குடும்பம் முழுக்க மாடத்தி கையை நம்பித்தான் இருந்தது.

சிவகாசிப் பையன் பெனிட்டோ, உங்களை வைத்துச் சினிமா எடுக்கிறேன் என்று வந்தபோது அவள் சிரித்தாள். “எங்களை எவன் தம்பி காசு குடுத்துப் பாப்பான்?”

அவன் விடவில்லை. காலண்டர் அச்சகத்தில் ஆர்டர் குறைந்து வேலை போன பால்துரை, கைக்குழந்தையை விட்டுவிட்டு வளைகுடாவுக்குப் பறக்கும் நர்ஸ் பெர்சிஸ், மாடத்தி என மூன்று பேர் கதையையும் பின்னிப் படமாக்கினான். ஒரு வருஷம் போல வந்து போனான். அவள் வீட்டுக் கஞ்சியைக் கூச்சமில்லாமல் வாங்கிக் குடித்தான்.

ஒருநாள் கேமராவுக்குப் பின்னாலிருந்து கேட்டான். “வேலைக்குப் போகையில பயமா இல்லையாக்கா?”

அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. மாடத்தி மடமடவென்று சொல்லிவிட்டாள். “நாலு பேரு இருக்க வேண்டிய ரூம்ல பன்னெண்டு பேரை உக்கார வைக்காக. சீசன்னா மரத்தடியிலயும் மருந்து செலுத்தச் சொல்லுதாக. பயமில்லாம என்ன தம்பி?”

படத்தைச் சர்ச் ஹாலில் திரையிட்டார்கள். முன்பின் பார்த்திராத பால்துரையும் பெர்சிசும் பெனிட்டோ வெட்டி ஒட்டியதில் தன்னோடு ஒரே பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதாகத் திரையில் கண்டபோது மாடத்திக்கு அழுகை வந்தது. பக்கத்திலிருந்த பொன்மணி, ஒரே அறையில் வேலை பார்ப்பவள், அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நம்ம மனசுல உள்ளதைச் சொல்லிட்டியேக்கா.”

மாடத்தி பேசிய அந்தத் துண்டு மட்டும் செல்போன் செல்போனாகப் பரவியது. அந்த வாரமே கம்பெனி வேன் அவளைக் கண்டும் நிற்காமல் போனது. மற்ற ஆலைகளிலும் கையை விரித்தார்கள். பீஸ் கட்டாததால் வேல்விழி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பெனிட்டோ ஆலைக்குப் போய்க் கெஞ்சினான். போர்மேன் மணிகண்டராஜ் ஒரு வழி சொன்னார். “அது சினிமாக்காரன் எழுதிக் குடுத்த வசனம்னு அவுக வாயால சொல்லட்டும். சேத்துக்கிடுதோம்.”

பெனிட்டோ தலைகுனிந்தபடி வந்து அதைச் சொன்னான். “சொல்லிருங்கக்கா. உங்க பொழப்பு முக்கியம்.”

அவள் சொன்னாள். மணிகண்டராஜ் தன் செல்போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டார். மறுநாள் வேன் நின்றது. வேல்விழி மறுபடியும் படிக்கப் போனாள்.

சித்திரை வெயிலில் மாடத்தியும் பொன்மணியும் வேலை பார்த்த அறை வெடித்தது. மாடத்தி காலியான பெட்டி எடுக்க ஷெட்டுக்குப் போயிருந்தாள். பொன்மணியை வளையலை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள்.

பொன்மணியின் புருஷன் முனியராஜ் கேஸ் போட்டான். விசாரணைக்கு மாடத்தியையும் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை எதற்கும் துணிந்துதான் போனாள். பன்னிரண்டு பேர் உட்கார்ந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். கம்பெனி வக்கீல் செல்போனை நீட்டினார். அதில் அவளே பேசிக்கொண்டிருந்தாள். “அது நெசமில்ல சார். எழுதிக் குடுத்ததைத்தான் பேசினேன். எங்க கம்பெனியில ரூமுக்கு நாலு பேருதான்.”

விசாரணை அறையில் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் முனியராஜ் சத்தம்கூடப் போடவில்லை.

“எது நெசம் மதினி?” என்றான்.

“இன்னைக்குச் சொன்னதுதான் தம்பி” என்றாள். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

கேஸ் தள்ளுபடியானது. ஆலை வேறு பெயரில் திறந்தது. இனி அவள் பேச்சை எவரும் நம்பப்போவதில்லை என்று மாடத்தியையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். பெனிட்டோவின் படம் ஏதோ ஊரில் பரிசு வாங்கியதாகப் பேச்சு. அவன் போன் அடித்தால் மாடத்தி எடுப்பதில்லை. தெருவில் அவளோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ள ஆளில்லை. காலையில் வேனில் ஏறுகிறாள். பெண்கள் நகர்ந்து இடம் விடுகிறார்கள். புதிதாய்க் கட்டிய அறையில் தலைகளை எண்ணிப் பார்க்காமல் உட்கார்ந்து மருந்து செலுத்துகிறாள்.