சாமி வராத சுவர்

பாண்டியம்மா மாப் கட்டையைப் பிடித்தபடியே காரிடாரில் உட்கார்ந்துவிட்டாள் என்று ரிசப்ஷனிலிருந்து கூப்பிட்டார்கள். நான் அப்போது கொடைக்கானலில் ஓர் ஓட்டலில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். ஓடிப்போய்ப் பார்த்தால், கண்ணை மூடிக்கொண்டு இடமும் வலமுமாக ஆடுகிறாள். சமையல் மாஸ்டர் கைகூப்பி, "யாரு ஆத்தா வந்திருக்கறது? சொல்லு" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

"யாரும் வரல மாஸ்டர். வாந்திதேன் வருது" என்றாள்.

அவள் மலைச்சரிவில் இருக்கும் அடுக்கம் கிராமத்துப் பெண். புருஷன் இல்லை. இந்த வேலையை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

காரணம் அந்தச் சுவர். சீசனுக்கு முன்னால் முதலாளி சென்னையிலிருந்து ஒரு பெண் ஓவியரை வரவழைத்து, காரிடார் சுவர் முழுக்கக் கறுப்பு வெள்ளையில் வரைய வைத்திருந்தார். பூ இல்லை, மனுஷர் இல்லை. கட்டம், வளையம், கோடு. ஓரத்தில் பட்டையாக இருக்கும் கோடு நடுவில் நெருங்கி நெருங்கி நூலாகிவிடும். தள்ளி நின்றால் சுவரில் குழி விழுந்த மாதிரி இருக்கும். நடந்தால் கூடவே அலையடிக்கும். கையை வைத்துப் பார்த்தேன், பலகை மாதிரி மட்டம்.

"சுவர் அசையலண்ணே, உங்க கண்ணுதான் அசைஞ்சுக்கிட்டே இருக்கு. ரொம்ப நேரம் பார்க்காதீங்க, சிலருக்குத் தலை சுத்தும்" என்று அந்தப் பெண் எங்களுக்குச் சொன்னார். முதலாளியும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் எனக்குக் குறை இல்லை. பார்க்கிறவர் நாலு எட்டில் கடந்துவிடுவார். மாப் போடுகிறவள் குனிந்து, பின்னாலேயே நகர்ந்து, முழுச் சுவரையும் ஓரக்கண்ணில் வைத்துக்கொண்டே போக வேண்டும்.

அவளை மாடி அறைகளுக்கு மாற்றக் கேட்டேன். முதலாளி மறுத்தார். ஏனென்று சீக்கிரமே தெரிந்தது. சுவருக்கு முன்னால் ஒரு குத்துவிளக்கு வந்தது. மாஸ்டர் கேட்ட கேள்வி அவர் காதுக்குப் போயிருக்கிறது. இது மலைத்தேவதை இறங்குகிற சுவர், துடைக்கிற பெண்மேலேயே வருகிறது என்று கெஸ்ட்டுகளிடம் சொல்ல ஆரம்பித்திருந்தார். காலை டிபன் முடிந்து கூட்டம் படம் பிடிக்கப் போனைத் தூக்கி நிற்கும்போது அவளை மாப் போட அனுப்ப வேண்டுமாம்.

வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோய்க் காவடி எடுக்கிறவன் நான். சாமி வந்து ஆடியவர்களைத் தோளில் தாங்கியிருக்கிறேன். கொட்டுச் சத்தத்துக்கு வரும், குறி சொல்லும், மலையேறும். ஒரு ஏழைப் பெண்ணைக் குமட்ட வைத்து, அதற்குச் சாமி பேரைச் சூட்டுவதா? தலை சுற்றினவளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் விளக்கேற்றுவதா?

போய்க் கேட்டேன். "தெரிஞ்சுதான சொல்றீங்க முதலாளி? படம் வரைஞ்ச பொண்ணு தலை சுத்தும்னு சொன்னப்ப நீங்களும் நின்னீங்களே."

"கெஸ்ட்டு அதத்தேன்யா கேக்குறான். அவளுக்கு முடியலன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்."

பாண்டியம்மாவிடம் சொன்னேன். "விடுண்ணே, செத்த நேரந்தான. ஆடிட்டுப் போறேன்" என்றாள். அந்தச் சொல்தான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் பனிமூட்டம் இறங்கியது. மூட்டக் காலத்தில் வெளியே துணி காயாது, காரிடாரில் கொடி கட்டுவதுதான் எங்கள் வழக்கம். வெள்ளனே போய்ச் சுவரின் நீளத்துக்கும் கொடி கட்டி, பெட்ஷீட்டாகத் தொங்கவிட்டேன். ஒரு கோடு வெளியே தெரியவில்லை. கூட்டம் போனோடு வந்து நின்றது. பாண்டியம்மா அந்தக் கோடியில் தொடங்கி இந்தக் கோடிவரை துடைத்து முடித்து நிமிர்ந்தாள். இன்றைக்குச் சாமி வரவில்லையா என்று ஒருவர் கேட்டார்.

"நீங்க நிக்கிற எடம் ஈரமாக் கெடக்கு சார், நகருங்க" என்றாள்.

யாரைக் கேட்டுப் படத்தை மூடினாய் என்று முதலாளி பாய்ந்தார். "மூட்டம் முதலாளி. துணி காயணும்ல" என்றேன். கெஸ்ட்டுகள் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் ரிசப்ஷன் பக்கம் போய்விட்டார்.

மூட்டம் விலகியதும் கொடியை அவிழ்க்கச் சொன்னார். இனி அவளை வைத்துக் கூட்டம் சேராது என்று பாண்டியம்மாவை மாடிக்கு அனுப்பிவிட்டு, காரிடாருக்கு என்னைப் போட்டார். தண்டனையாம். முருகன் பேரைச் சொல்லிக்கொண்டே துடைத்தேன். எனக்கும் தலை சுற்றத்தான் செய்தது. வாளியை வைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்துகொள்வேன். ஒருவரும் போனைத் தூக்கவில்லை, விளக்கேற்றவில்லை. ஆம்பளைக்குச் சுற்றினால் அது பித்தமாம்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கூட வேலை செய்கிறவள் தள்ளாடினால் முதலில் தண்ணீர் கொடுங்கள். சாமி காத்திருக்கும்.